குற்றம் கண்ணாடியிலா, முகமூடியிலா?

துவரம் பருப்பு வாங்கிச் சென்ற வாடிக்கைக்கார அம்மா மறுநாள் காலையில் கடை வாசலில் வந்து நிற்கிறார். "அண்ணாச்சி, நீங்க குடுத்த பருப்பு வேகவே இல்ல. எட்டு விசில் விட்டும் கல்லு மாதிரி கெடக்கு" என்கிறார். புதிதாகக் கடை போட்டவராக இருந்தால் வாய்ச்சண்டைக்குத் தயாராகிவிடுவார். அல்லது பேசாமல் வேறு பருப்பைக் கட்டிக் கொடுத்து நட்டத்தைத் தாமே ஏற்றுக்கொள்வார். அனுபவப்பட்ட வணிகர் இரண்டையும் செய்யமாட்டார். "எந்தத் தண்ணியில வேக வச்சீங்கம்மா? போர் தண்ணியா, குழாய்த் தண்ணியா?" என்று முதலில் கேட்பார். உப்பு மிகுந்த கடினத் தண்ணீரில் நல்ல பருப்பும் எளிதில் வேகாது என்பது அவருக்குத் தெரியும். புகார் வந்தது பருப்பின் மேல். குற்றம் இருந்தது தண்ணீரில்.

இதே வழக்கு, மளிகைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு கடையில் நாள்தோறும் நடக்கிறது. பனிமலைகளில் சறுக்கி விளையாடுவோருக்குக் கருவிகள் விற்கும், வாடகைக்கு விடும் கடைகளைத்தான் சொல்கிறோம். அங்கே வாடிக்கைக்காரர் காகிள்ஸ் எனப்படும் பனிக்கண்ணாடியைக் கொண்டுவந்து மேசை மேல் வைக்கிறார். "ஆவி படியாது என்று சொல்லித்தானே கொடுத்தீர்கள்? பத்து நிமிடத்தில் ஒன்றுமே தெரியவில்லை" என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் கண்ணாடியை வாங்கிப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இருக்காது. அவர் கழுத்தில் நனைந்து தொங்குகிறதே முகமூடி, அதைத்தான் பார்க்க வேண்டும்.

பனிச்சறுக்குக்கான முகமூடியும் காகிள்ஸும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கக் கூடிய சரக்குகள் அல்ல என்பதே இக்கட்டுரையின் பொருள். ஒன்றை மறந்து மற்றொன்றை வாங்கினால் இரண்டும் வீண். நம்மில் பெரும்பாலோர் இந்தச் சரக்கை விற்கப் போவதில்லை. ஆனாலும் நம் வணிகர் குடும்பங்கள் இப்போது காஷ்மீரத்துக்குச் சுற்றுலா போய்வருகின்றன. பிள்ளைகள் பனியில் சறுக்க ஆசைப்படுகிறார்கள். அங்கே வாடகைக் கடையில் கொடுப்பதை அப்படியே மாட்டிக்கொள்ளாமல், பார்த்து வாங்கத் தெரிந்திருப்பது நல்லது. அதோடு, புகாரை அதன் வேரில் தேடும் வணிகப் பாடம் ஒன்றும் இதில் இருக்கிறது.

குல்மார்க் என்னும் சந்தை

நமது நாட்டில் பனிச்சறுக்குக்குப் பெயர் பெற்ற ஊர் காஷ்மீரத்தின் பாரமுல்லா மாவட்டத்தில் உள்ள குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அதாவது நமது தொட்டபெட்டா முடியும் உயரத்தில்தான் குல்மார்க் ஊரே தொடங்குகிறது. அங்கிருந்து மேலே செல்லும் கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் 1998ஆம் ஆண்டிலும், இரண்டாம் கட்டம் 2005ஆம் ஆண்டிலும் ஓடத் தொடங்கின. இரண்டாம் கட்டம் அபர்வாத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே சறுக்குக் காலம்.

இந்த ஊரில் சறுக்குக் கட்டை, காலணி, கைத்தடி, தலைக்கவசம், காகிள்ஸ் ஆகியவற்றை வாடகைக்கு விடும் கடைகள் உண்டு. பெய்ஜிங் நகரில் 2022ஆம் ஆண்டு நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் தனியொருவராகக் கலந்துகொண்ட ஆரிஃப் கான், குல்மார்க்கில் இப்படியொரு கடை நடத்தியவரின் மகன் என்பது வணிகர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவர் கலந்துகொண்ட ஜயண்ட் ஸ்லாலம் போட்டி அன்று கடும் பனிப்பொழிவில் நடந்தது. பலர் பாதியிலேயே வெளியேற, அவர் போட்டியை முடித்து 45ஆம் இடம் பெற்றார். எதிரே உள்ள கொடிக்கம்பம் கண்ணுக்குத் தெரிவதுதான் அந்த விளையாட்டின் உயிர்.

போட்டி வீரர்களின் கதை இருக்கட்டும். சாதாரணமாகச் சறுக்கிப் பழகியவர் கூட மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எளிதாக இறங்குவார். கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 8 மீட்டருக்கும் மேல். இரண்டு வினாடி கண் மறைந்தால் 16 மீட்டர் தூரம் குருடராகப் போயிருப்பார். அந்தப் பதினாறு மீட்டருக்குள் ஒரு மரம் இருக்கலாம், பாறை இருக்கலாம், கீழே விழுந்து எழ முயலும் ஒரு குழந்தை இருக்கலாம்.

ஆவி ஏன் படிகிறது?

இதற்கு விஞ்ஞானப் புத்தகம் புரட்ட வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது நாம் எல்லோரும் முகக்கவசம் கட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தோம் அல்லவா? மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு நினைவிருக்கும். குளிர்சாதன அறையில் உட்கார்ந்தால் போதும், மூச்சு விடும்போதெல்லாம் கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொள்ளும். தராசின் எண் தெரியாது. நோட்டின் நிறம் தெரியாது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அலுத்துப் போனோம். பிறகுதான் முகக்கவசத்தின் மேல்விளிம்பு மூக்கின் மேல் சரியாகப் படியாததால் மூச்சுக்காற்று மேலே ஏறுகிறது என்பதைக் கண்டுகொண்டோம். கம்பியை மூக்கோடு அழுத்தி விட்டதும் பாதித் தொல்லை தீர்ந்தது.

நாம் வெளிவிடும் மூச்சு ஏறத்தாழ 34 டிகிரி வெப்பத்தோடு, ஈரம் நிறைந்து வருகிறது. அது குளிர்ந்த பரப்பில் பட்டவுடன், காற்றில் இருந்த ஈரம் நுண்ணிய நீர்த்துளிகளாக மாறி அங்கே ஒட்டிக்கொள்கிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் வியர்ப்பதும் இதனால்தான். பாட்டில் வியர்க்க வேண்டுமானால் இரண்டு பொருள்கள் சேர வேண்டும். ஒன்று குளிர்ந்த பரப்பு, மற்றொன்று ஈரக்காற்று. இந்த இரண்டில் ஒன்றை விலக்கினாலும் ஆவி படியாது. காகிள்ஸ் செய்கிறவரின் வேலை, லென்ஸின் உட்பக்கம் குளிராமல் பார்த்துக்கொள்வது. முகமூடி செய்கிறவரின் வேலை, ஈர மூச்சை லென்ஸ் பக்கம் போகவிடாமல் முன்பக்கமாக வெளியேற்றுவது. இருவரில் ஒருவர் தவறினால் மற்றவருக்குக் கெட்ட பெயர்.

ஒரு பல் மருத்துவரின் கண்டுபிடிப்பு

காகிள்ஸில் இந்த வேலையைச் செய்து காட்டியவர் அமெரிக்காவில் பற்களைச் சீர்படுத்தும் மருத்துவராக இருந்த பாப் ஸ்மித். பனிச்சறுக்கில் பெரும் ஆர்வம் உள்ளவர். பொடிப்பனி கொட்டும் நாளில்தான் சறுக்குவது இன்பம். அன்றைக்குத்தான் ஒற்றை லென்ஸ் கண்ணாடிகள் ஆவி படிந்து ஏமாற்றும். 1960களின் நடுப்பகுதியில் அவர் இரண்டு லென்ஸ்களை ஒன்றின் பின் ஒன்றாக வைத்து, இடையில் காற்று நிற்கும்படி விளிம்பை அடைத்து, காற்றோட்டத்துக்கு நுண்துளைப் பஞ்சும் வைத்து ஒரு காகிள்ஸ் செய்தார். அவர் பெயரிலேயே நிறுவனம் வளர்ந்தது. 2012ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவர் காட்டிய வழியில்தான் இன்றும் உலகெங்கும் நல்ல காகிள்ஸ்கள் செய்யப்படுகின்றன.

இரட்டை லென்ஸின் தத்துவம் நம் கடையிலேயே இருக்கிறது. குளிர்பானம் அடுக்கி வைக்கும் கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டியைப் பாருங்கள். கதவில் இரண்டு கண்ணாடிகள், நடுவில் இடைவெளி. உள்ளே இருக்கும் குளிர் வெளிக்கண்ணாடிக்கு எளிதில் வருவதில்லை. அதனால்தான் உள்ளே இருக்கும் சரக்கு பளிச்சென்று தெரிகிறது. பனிமலையில் திசை மட்டும் மாறுகிறது. வெளியே குளிர், உள்ளே முகத்தின் சூடு. வெளி லென்ஸ் குளிர்ந்தாலும், நடுவில் உள்ள காற்று தடுப்பதால் உள் லென்ஸ் அவ்வளவு குளிர்வதில்லை.

காகிள்ஸ் எடுக்கும்போது

முதலில் பார்க்க வேண்டியது லென்ஸ் ஒற்றையா இரட்டையா என்பது. பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் இரண்டு அடுக்கு தெரியும். ஒற்றை லென்ஸ் மலிவாகக் கிடைத்தாலும் சறுக்குக்கு எடுக்கக் கூடாது. இரண்டு லென்ஸ்களுக்கும் இடையில் ஏற்கனவே ஆவி தென்பட்டால் அடைப்பு விட்டுப் போயிற்று என்று பொருள். வெளியிலிருந்து துடைத்து அதைப் போக்க முடியாது. வாடகைக் கடையில் அப்படிப்பட்டதைக் கொடுத்தால் அங்கேயே மாற்றிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, காற்று வழி. சட்டத்தின் மேலும் கீழும் துளைகள் இருக்கும். அவற்றை மெல்லிய பஞ்சு மூடியிருக்கும். கீழே நுழையும் காற்று உள்ளே உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு மேலே வெளியேற வேண்டும். இது நம் கிடங்குகளில் சாளரமும் மேலே புகைபோக்கித் துளையும் வைப்பது போன்ற ஏற்பாடு. பஞ்சு நைந்து, அழுக்கேறி, அடைத்துக்கொண்டிருந்தால் உயர்ந்த விலைக் காகிள்ஸும் பயன்படாது.

மூன்றாவது, உள் லென்ஸின் பூச்சு. இந்தப் பூச்சு ஈரத்தைத் துளியாக நிற்கவிடாமல் உள்ளிழுத்துக்கொள்ளும், அல்லது மெல்லிய படலமாகப் பரப்பிவிடும். நனைந்திருக்கும்போது விரலாலோ கையுறையாலோ தேய்த்தால் பூச்சு போய்விடும். ஒருமுறை போனால் அந்த இடத்தில் ஆவி எப்போதும் படியும். உட்பக்கம் கீறல் விழுந்த வாடகைக் காகிள்ஸைக் கண்டால், முன்பு எடுத்தவர் துடைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

நான்காவது, முகத்தில் பொருந்துவது. சட்டத்தின் உட்புறப் பஞ்சு நெற்றியிலும் கன்னத்திலும் சுற்றிலும் ஒரே சீராகப் பட வேண்டும். மூக்கின் பக்கத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அதன் வழியே குளிர்காற்றும் வரும், நம் மூச்சும் உள்ளே ஏறும். ஐரோப்பிய மூக்கின் அளவுக்குச் செய்யப்பட்ட சட்டங்கள் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. மூக்குத்தண்டு தாழ்ந்தவர்களுக்கென்று தனியாகச் செய்யப்பட்டவை கிடைக்கின்றன. மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு அதன் மேலேயே போடத்தக்க ஆழமான சட்டங்களும் உண்டு. அவர்கள் சொந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். கழற்றிவிட்டுப் பார்த்து வாங்கினால் மலையில் அவதிதான்.

கண்ணைச் சுடும் வெளிச்சம்

காகிள்ஸ் காற்றுக்கும் பனிக்கும் மட்டும் அல்ல. மலையில் ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிரின் அளவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. நமது கடற்கரையின் உலர்ந்த மணல் அந்தக் கதிரில் 15 சதவீதம் அளவுக்கே திருப்பி அனுப்பும். புதிதாக விழுந்த பனியோ 80 சதவீதம் வரை திருப்பி அனுப்புகிறது. மேலிருந்து ஒரு வெயில், கீழிருந்து இன்னொரு வெயில். வெறுங்கண்ணோடு நின்றால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தும், நீர் கொட்டும், வெளிச்சம் பார்க்க முடியாது. பட்டறையில் வெல்டிங் நெருப்பைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இரவில் கண் கரிக்குமே, அதே பாதிப்புதான். பனிக்குருடு என்று இதைச் சொல்வார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் குணமாகும். ஆனால் பட்டவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

ஆகவே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்ற குறிப்பு உண்டா என்று பார்ப்பது கட்டாயம். நிறம் கறுப்பாக இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணின் பாவை விரிந்துகொள்ளும். கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகும்.

லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதை 0 முதல் 4 வரை எண்ணிட்டுப் பிரித்திருக்கிறார்கள். எண் 1 என்றால் 43 முதல் 80 சதவீதம் வெளிச்சம் வரும். மேகம் மூடிய நாளுக்கு உரியது. எண் 2 என்றால் 18 முதல் 43 சதவீதம். பொதுவான உபயோகத்துக்கு ஏற்றது. எண் 3 என்றால் 8 முதல் 18 சதவீதம், சுள்ளென்ற வெயிலுக்கு. எண் 4 பனியாறுகளின் கடும் வெளிச்சத்துக்கு உரியது; அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. மேகமூட்டத்தில் பனித்தரையின் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். அப்போது மஞ்சள், இளஞ்சிவப்பு நிற லென்ஸ்கள் கை கொடுக்கும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு எண் 2 லென்ஸைச் சொல்லலாம்.

முத்திரையையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் நெடுங்காலம் ஈஎன் 174 என்ற தரவிதி இருந்தது. 2021ஆம் ஆண்டில் ஐஎஸ்ஓ 18527-1 என்ற உலகத் தரவிதி வந்தது. அமெரிக்கச் சரக்கில் ஏஎஸ்டிஎம் எஃப்659 என்றிருக்கும். இவற்றில் ஒன்றும் இல்லாமல் வெறும் படம் போட்ட பெட்டியில் வரும் சரக்கை, விலை எவ்வளவு குறைவானாலும், கண் சம்பந்தப்பட்ட காரியத்தில் நம்பக் கூடாது.

முகமூடி எடுக்கும்போது

இனி, பழி சுமத்தப்படாமல் தப்பித்துக்கொள்ளும் முகமூடிக்கு வருவோம். முகமூடி எதற்கு? காற்றடிக்கும்போது குளிர் பல மடங்காகத் தாக்கும் என்பதால்தான். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியாக இருந்து, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், வெறும் முகத்துக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி போல உறைக்கும். நாமே அந்த வேகத்தில் சறுக்கி இறங்கினாலும் அதே விளைவுதான். மூக்கு நுனி, கன்னம், காது, முகவாய் இவற்றில்தான் உறைபனிப் புண் முதலில் காணும். தோல் வெளுத்து மரத்துப் போவது அதன் முதல் அடையாளம். அது தன் கண்ணுக்குத் தெரியாது. கூட வருகிறவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் பனியை வைத்துத் தேய்ப்பது தவறு. உள்ளங்கையால் மூடிச் சூடாக்கி, காற்றில்லாத இடத்துக்குப் போய்விட வேண்டும்.

முகமூடியில் மூன்று வகை உண்டு. முதல் வகை நமக்குத் தெரிந்ததுதான். மார்கழியில் நம் ஊர்த் தெருக்களில் விற்கும் குரங்குக் குல்லா. ஆங்கிலத்தில் அதற்குப் பாலக்லாவா என்று பெயர். 1854ஆம் ஆண்டில் கிரிமியப் போர் நடந்த துறைமுக ஊரின் பெயர் அது. அந்தப் போரில் குளிரில் வாடிய ஆங்கிலச் சிப்பாய்களுக்கு ஊரிலிருந்து பின்னி அனுப்பிய குல்லாக்களிலிருந்து இந்தப் பெயர் வந்தது. சறுக்குக்கு எடுக்கும்போது தலைக்கவசத்துக்குள் அடங்கும்படி மெல்லியதாக இருக்க வேண்டும். வாய்ப்பகுதியை மட்டும் கீழே இழுத்துவிட வசதியுள்ளதாக இருந்தால் மிக நல்லது.

இரண்டாம் வகை, கழுத்தில் மாட்டி மூக்கு வரை இழுத்துக்கொள்ளும் குழாய்த்துணி. எளிமையானது, விலையும் குறைவு. ஆனால் நழுவும். நழுவுகிறது என்று மேலே இழுத்து இழுத்துக் காகிள்ஸுக்குள் செருகிக்கொள்வார்கள். அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

மூன்றாம் வகை, முகத்தின் கீழ்ப்பாதியை மூடும் நியோப்ரீன் முகமூடி. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் 1930ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கை ரப்பர் இது. காற்றை முழுதும் தடுக்கும். காற்று புகாததால் மூச்சு வெளியேறத் துளைகள் வேண்டும். மூக்குக்குத் திறப்பும் வாய்க்கு நேரே துளைகளும் உள்ளதையே எடுக்க வேண்டும். சிலருக்கு இது தோலில் அரிப்பு உண்டாக்கும். அவர்களுக்கு உட்புறம் துணி வைத்ததைக் கொடுப்பது நல்லது.

துணியைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதியை மறக்காமல் இருந்தால் போதும். பருத்தி வேண்டாம். நமது வெயிலுக்குப் பருத்தியைப் போலத் துணை வேறில்லை. வியர்வையைக் குடித்துக் குளிர்ச்சி தரும். அந்தக் குணமே பனியில் பகையாகிவிடுகிறது. மூச்சின் ஈரத்தைக் குடித்துக்கொண்டு உலராமல் கிடந்து, பிறகு பலகை போல விறைத்துப் போகும். மெரினோ ஆட்டு ரோமத் துணி ஈரமானாலும் சூட்டை விடாது, நாற்றமும் எளிதில் பிடிக்காது. பாலியெஸ்டர் துணி விரைவில் உலரும், விலையும் கட்டுப்படியாகும். எதுவானாலும் இரண்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று நனைந்தால் மாற்றிக்கொள்ள மற்றொன்று சட்டைப் பையில் இருக்கட்டும். வாய்க்கு நேரே அணிவது என்பதால் முகமூடியை வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாக வாங்குவதே சுகாதாரம்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்

முகமூடியின் மேல்விளிம்பு காகிள்ஸ் சட்டத்தின் கீழ்விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே நுழையக் கூடாது. உள்ளே நுழைந்தால் முகமூடி ஒரு புனல் போலாகி, மூச்சு முழுவதையும் நேரே லென்ஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சட்டத்தின் கீழ்த்துளைகளையும் துணி அடைத்துவிடும். ஈரம் உள்ளே போகிறது. வெளியேற வழியும் இல்லை. பாப் ஸ்மித்தே எழுந்து வந்தாலும் அந்தக் காகிள்ஸைத் தெளிவாக்க முடியாது.

தலைக்கவசமும் இதில் சேர்த்தி. கவசத்தின் விளிம்பு காகிள்ஸை அழுத்தினால் அது மூக்கை நசுக்கும். மேலே உள்ள துளைகளும் அடைபடும். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் நெற்றி உறையும். ஆகவே மூன்றையும் ஒன்றாக மாட்டிப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

கடையில் நின்றபடி பார்க்க வேண்டியவை இவை:

1. தலைக்கவசம், காகிள்ஸ், முகமூடி மூன்றையும் மாட்டிக்கொண்டு வாயால் பத்து முறை வேகமாக மூச்சு விடுங்கள். மூச்சு கண்ணுக்குக் கீழே சூடாகப் படுகிறதா, முன்பக்கம் போகிறதா என்று கவனியுங்கள்.

2. தலையை மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டுங்கள். முகமூடி நழுவாமல் நிற்கிறதா?

3. முகமூடியோடு இரண்டு வாக்கியம் பேசுங்கள். மூச்சுத் திணறினால் அது ஆகாது. மலையில் காற்று ஏற்கனவே மெலிது.

4. ஐந்து நிமிடம் கழற்றாமல் இருங்கள். மூக்குத்தண்டிலோ காதுக்குப் பின்னாலோ வலித்தால், மலையில் இரண்டு மணி நேரத்தில் அது தாங்க முடியாததாகிவிடும்.

5. கையுறை போட்ட கையால் முகமூடியைக் கீழே இறக்க முடிகிறதா என்று பாருங்கள். மூச்சிரைக்கும்போதும், நடந்து ஏறும்போதும் அதை இறக்கிவிடத்தான் வேண்டும்.

மலையில் செய்யக் கூடாதவை

காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிற்பது பலருடைய பழக்கம். நெற்றி வியர்வையின் ஆவி முழுதும் உள்ளே ஏறிக்கொள்ளும். வெளிப்பக்கம் குளிர்ந்து கிடக்கும். திரும்பப் போட்டவுடன் வெள்ளையாகிவிடும். கண்ணிலேயே இருக்கட்டும், அல்லது கழற்றிப் பையில் வைக்கட்டும். விழுந்து உள்ளே பனி புகுந்தால் உதறிவிட்டு, அதற்கென்று தரும் மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. ஆவி படிந்துவிட்டால் நின்றுவிட வேண்டும். ஓரமாக ஒதுங்கி, முகமூடியை வாய்க்குக் கீழே இறக்கிவிட்டு, காற்று உள்ளே போகும்வரை பொறுத்திருக்க வேண்டும். கண் தெரியாமல் கீழே இறங்கிவிடலாம் என்று துணிவது ஆபத்து. இரவில் காகிள்ஸையும் முகமூடியையும் அறையில் காற்றாட உலர்த்த வேண்டும். கணப்பு அடுப்பின் மேல் வைத்தால் லென்ஸும் பஞ்சும் கெட்டுவிடும்.

நமக்கு உரிய பாடம்

மேலே சொன்ன கடைக்கே மீண்டும் வருவோம். மேசை மேல் காகிள்ஸை வைத்துவிட்டு வாடிக்கைக்காரர் கோபமாக நிற்கிறார். கடைக்காரர் அதைவிட விலை கூடிய ஒன்றை எடுத்துக் காட்டினால் அவர் வாங்கிக்கொண்டு போகவும் கூடும். அன்றைய கல்லா நிரம்பும். ஆனால் பழைய முகமூடியோடு புதிய காகிள்ஸும் மறுநாள் ஆவி படியும். மூன்றாம் நாள் அவர் அந்தக் கடைப் பக்கம் திரும்பமாட்டார். இன்னும் மோசமாக, கண் மறைந்த நிலையில் சறுக்கி எங்கேயாவது மோதிக்கொள்ளவும் கூடும். "முகமூடியை எப்படிப் போட்டிருந்தீர்கள், மாட்டிக் காட்டுங்கள்" என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், குறைந்த விலையில் துளையுள்ள முகமூடி ஒன்றோடு காரியம் முடிந்திருக்கும்.

நம் கடைகளில் வரும் புகார்களையும் இந்தக் கண்ணோடு பார்ப்போம். மாவு புளிக்கவில்லை என்கிறவரிடம் உளுந்தைப் பற்றி மட்டும் பேசாமல் அரைத்த மாவை எங்கே வைத்தார் என்று கேட்போம். ரவையில் வண்டு என்கிறவரிடம் எத்தனை நாளாக, எந்த டப்பாவில் வைத்திருந்தார் என்று கேட்போம். கேட்பது பழியைத் தட்டிக் கழிப்பதற்காக அல்ல. குற்றம் நம் சரக்கில் இருந்தால் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுப்போம். வேறிடத்தில் இருந்தால் அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, அவர் வீட்டு அடுப்பில் பருப்பு வேகும் வழியையும் சொல்லி அனுப்புவோம். குல்மார்க்கில் கடை வைத்திருந்தாலும் கோவில்பட்டியில் கடை வைத்திருந்தாலும் வணிகர் செய்ய வேண்டியது இதுவே.